ஆட்கொல்லிப் புலியும் அயலார் தீர்ப்பும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி இரவு, மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்துப் பாண்டர்கவடா வனப்பகுதியில், பதின்மூன்று பேரின் மரணத்துக்குக் காரணமென்று கருதப்பட்ட டி-1 என்னும் பெண்புலி சுட்டு வீழ்த்தப்பட்டபோது, அவ்வட்டாரத்துக் கிராமத்தார் வெடி கொளுத்தி மகிழ்ந்தார்கள். அதற்கு அவனி என்று பெயரிட்டு அன்பு பாராட்டிய நகரவாசிகளோ கூட்டங் கூடித் துக்கம் அனுஷ்டித்தார்கள். ஒரு பிராணியின் சாவைப் பற்றி ஜனங்களுக்குள் இருவேறு அபிப்பிராயங்கள் எழுவது இயல்பே. ஆனால், மறுநாள் விடிந்ததும் அதே காட்டோரத்துக் கொல்லையில் பருத்தி எடுக்கப் போகவேண்டியவனுடைய அச்சத்தை அறியாமையென்றும் குரூரமென்றும் தொலைவிலிருந்து இகழ்வது நியாயமாகாது.

இப்படிச் சொல்வதனால் வனத்துறையின் அன்றைய செய்கையை நாம் ஆதரிப்பதாகாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் சேர்க்கவோ இயலாதென்று தலைமை வன உயிரினக் காப்பாளர் திருப்தியுற்ற பின்னரே புலியைக் கொல்ல அனுமதிக்கிறது; அப்படியிருக்க, கால்நடை மருத்துவர் உடனிராமல் இராவேளையில் துப்பாக்கி வெடித்தது பிழையே. அந்த விதி தக்க விதி. கொலையை அடியோடு விலக்காமலும், எளிதில் அனுமதிக்காமலும் அது நிற்கிறது. பழைய நாள்போல் வேட்டைக்கு உரிமச்சீட்டு வழங்கினால் இந்த உபத்திரவம் தீரும் என்போருக்கு நாம் சொல்வது, பொழுதுபோக்குக்காக வேட்டையாடுகிறவன் ஆட்கொல்லியைத் தேடி அலைவதில்லை, அழகான தோலையே தேடுகிறான் என்பதுதான்.

2021இல் நீலகிரியில் டி-23 என்ற புலி மனிதர் நால்வரைக் கொன்றதாகக் கூடலூர், மசினகுடி மக்கள் சாலையில் அமர்ந்து மறியல் செய்ததும், அக்டோபர் முதல் தேதி அதை வேட்டையாட உத்தரவு பிறந்ததும், உடனே கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியதும், கும்கி யானைகளோடும் தடம் பார்க்கும் பழங்குடியினரோடும் மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி செலுத்தி அதை உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனதும் பலருக்கும் நினைவிருக்கும். போற்றத்தக்க பொறுமை அது. ஆனால் அந்தப் பொறுமையின் விலையைக் கொடுத்தவர் யார்? நீதிமன்றத்துக்கு மனுச் செய்தவர்களல்லர். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் பொழுது சாயுமுன் கதவைத் தாழிட்டுக்கொண்ட தொழிலாளர்களே.

2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்நாட்டில் 3,682 புலிகள் உள்ளன. அவற்றுள் 306 தமிழகத்தில் வாழ்கின்றன. பெருமைக்குரிய இவ்வெண்ணிக்கையின் பாரம் காட்டோரத்து ஏழைகளின் தோள்மேல் மட்டும் இறங்கியிருப்பதுதான் அநீதி. ஆகவே, புலியால் மாண்டவர் குடும்பத்துக்கும் மாட்டை இழந்தவனுக்கும் நஷ்டஈடு சில தினங்களுக்குள் கைசேர வேண்டும். மயக்க ஊசி செலுத்தத் தேர்ந்த மருத்துவரும், நிரந்தர ஊதியம் பெறும் பழங்குடித் தடம் பார்ப்போரும் புலி நடமாடும் ஒவ்வொரு வனக்கோட்டத்திலும் எப்பொழுதும் இருக்க வேண்டும். லைன் வீடுகளுக்கருகே புலி பதுங்க இடமாகும்படி புதராய் மண்டிய உண்ணிச்செடியை அகற்றுவதும், இருட்டில் வெளியே போக நேராதபடி அங்கே கழிப்பறை கட்டுவதும் புலிப் பாதுகாப்புச் செலவாகவே கணக்கிடப்பட வேண்டும். சுடுவதற்கோ பிடிப்பதற்கோ உத்தரவிடுமுன் அவ்வூராரைக் கூட்டி அவர்கள் சொல்லைக் கேட்டுப் பதிவு செய்வதை விதியாகவே ஆக்குமாறு மத்திய சர்க்காரையும் மாநில சர்க்காரையும் வற்புறுத்துகிறோம்.