தறி நின்றால் யாரைக் கேட்பது?

ஆரணியிலும் அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் பக்கமும் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் தலைக்கு மேலே அட்டைக் கட்டு தொங்கும். பார்டருக்கும் முந்தானைக்கும் நூற்றுக்கணக்கில் குத்திக் கோத்த அட்டைகள். சில தறிகளில் இப்போது அந்த வேலையை எலக்ட்ரானிக் ஜக்கார்டு பார்க்கிறது. டிசைனை பென் டிரைவில் ஏற்றிச் செருகினால் போதும். வசதிதான். ஆனால், அட்டை கிழிந்தால் வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம். சர்க்யூட் போர்டு போனால்?

பாதிச் சேலையோடு தறி நிற்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு, தறி நின்ற நாள் கூலி இல்லாத நாள்.

விற்றவரைக் கேட்டால் ‘கம்பெனிக்கு போன் பண்ணுங்க’ என்பார். கம்பெனி ‘வோல்டேஜ் பிரச்னை, வாரன்டியில வராது’ என்னும். புகார் கொடுப்பேன் என்றால் மூன்றாவதாக ஒரு பதில் வரும்: ‘இது தொழில் மெஷின். நீங்க நுகர்வோரே இல்லை.’

பலரும் வாயடைத்துத் திரும்புவது இந்த மூன்றாவது பதிலில்தான். அது பாதி உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்றுதான் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கி, தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் மெஷின் வாங்கிய லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடர்ந்த வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. வாங்கிய நிறுவனம் தோற்றது. அது பெரிய அளவில் தொழில் செய்ய வாங்கிய மெஷின். ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க டாக்ஸி வாங்குபவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றது அதே தீர்ப்பு. கணவனும் மனைவியும் உட்கார்ந்து நெய்யும் தறிக்கு இது அப்படியே பொருந்தும். பத்துத் தறி போட்டு ஆள் வைத்து நெய்பவர் இதைச் சொல்லி ஜெயிப்பது கஷ்டம். வீட்டு ஃபிரிட்ஜ், டிவி, போனுக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

பில் போடும்போதே ‘இன்னும் கொஞ்சம் கட்டினா ரெண்டு வருஷம் கூட’ என்று நீட்டப்படும் எக்ஸ்டெண்டட் வாரன்டி தனிக் கதை. பெரும்பாலும் அது தயாரித்த கம்பெனியின் வாக்குறுதியே இல்லை. கடையோ வேறொரு நிறுவனமோ விற்கும் தனி ஒப்பந்தம். கம்பெனி வாரன்டி முடிந்த பிறகே அது தொடங்கும். ஆகவே பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள்: பழுதானால் பதில் சொல்ல வேண்டியவர் பெயர் பேப்பரில் இருக்கிறதா? வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் வரும் பழுது சேருமா, சேராதா? சேராது என்றால், கரன்ட் நிலையில்லாத ஊர்க்காரர்கள் அந்தப் பணத்துக்கு ஸ்டெபிலைசர் வாங்கலாம்.

பழுது பார்க்க வருபவர் ‘வோல்டேஜ்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போக விடாதீர்கள். எதைச் சோதித்தார், எது எரிந்திருந்தது என்று சர்வீஸ் சீட்டில் எழுதி வாங்குங்கள். போர்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். தகராறு என்று வந்தால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. பில்லும் முக்கியம். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம்.

முதலில் 1915-க்கு போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அங்கே முடியாவிட்டால் மாவட்ட ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆரணிக்காரர்களுக்குத் திருவண்ணாமலை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனில் மனு கொடுக்கலாம், வீடியோ விசாரணையும் கேட்கலாம். பிரச்னை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் இழுக்கும்.

மனுவில் மெஷின் விலையோடு நிறுத்திக்கொள்ளாமல், போன கூலியையும் கேளுங்கள். அதற்குக் கணக்கு வேண்டும். தறி நின்ற தேதி, அதற்கு முந்தைய மாதங்களில் இறக்கிய சேலைகள், கூலி வரவான பாஸ்புக் பக்கம். இதையெல்லாம் முதல் நாளே போனில் படம் பிடித்து வைத்துவிடுங்கள்.