ஜன்னல் சீட்

2003-ல் கேப்டன் கோபிநாத் ஆரம்பிச்ச ஏர் டெக்கான், ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் வித்திருக்கு (வரி தனி!). அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு மக்களே!

போன மாசம் டெல்லியில் எனக்கு இன்டர்வியூ. அம்மா சீட்டு எடுத்த பணம் ஐயாயிரத்தை நீட்டினாங்க. வெப்சைட்டில் டிக்கெட் 4,600. அப்பாடா! ஆனா, ஜன்னல் சீட்டுக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, 'கன்வீனியன்ஸ்' கட்டணம் தனி. யாருக்குய்யா கன்வீனியன்ஸ்? யோசிக்கறதுக்குள்ள மலிவு டிக்கெட் தீர்ந்து, ரேட் எகிறிடுச்சு. சாப்பாடு, சீட் எல்லாத்தையும் வெட்டியும் 5,900. மீதியை ரூம்மேட்கிட்ட கைமாத்து வாங்கினேன்.

ஒரு டிப்ஸ்: சீட்டுக்குக் காசு கட்டலைன்னா, செக்-இன்ல அவங்களே ஒண்ணு தருவாங்க. எனக்குக் கிடைச்சது நடு சீட்.

ராத்திரி அம்மா போன்ல, "ஜன்னல் சீட்டாடா? மேகம் தெரிஞ்சுதா?"

"சூப்பரா தெரிஞ்சுதும்மா!"