போட்ட தேதியும் எடுக்கிற தேதியும்

சிறுநீரகத்தில் அடைப்பு வந்தால் இரண்டு விதமாகக் குழாய் வைப்பார்கள். ஒன்று முதுகு வழியாக வைப்பது. வெளியே ஒரு பை தொங்கும். மற்றொன்று சிறுநீரகத்திலிருந்து மூத்திரப் பை வரை உள்ளுக்குள்ளேயே போவது. இரண்டு முனையும் சுருண்டிருப்பதால் டி.ஜே. ஸ்டென்ட் என்கிறார்கள். ஜனங்களுக்குப் பயம் முதுகுக் குழாயின் மேல்தான். என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது உள்ளே இருப்பதற்கு. கண்ணுக்குத் தெரியாதது மறந்துபோகும்.

என் மனைவியின் தம்பி கரும்பு விவசாயி. கல் எடுத்துவிட்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்தில், நாலு வாரம் கழித்து வரவேண்டும் என்று ஒரு வரி. வலி போய்விட்டது. நான் ஒருமுறை கேட்டதற்கு, "அது தையல் மாதிரி தானா கரைஞ்சிடும் மாமா" என்றார். நானும் விட்டுவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்தவன், அந்தச் சீட்டை வாங்கிப் படிக்கவில்லை.

அது கரையாது. பிளாஸ்டிக் எப்படிக் கரையும்? பதினாலு மாதம் கழித்து ரத்தமாகப் போனபோது படம் எடுத்தார்கள். குழாயின் இரண்டு முனையிலும் கல் படிந்து முட்டை மாதிரி இருந்தது. நேரத்தோடு போயிருந்தால் உள்ளே கேமரா விட்டுப் பத்து நிமிஷத்தில் உருவியிருப்பார்கள். இப்போது இரண்டு ஆபரேஷன். ஒரு வருஷத்துக் கரும்புப் பணம் போயிற்று. அந்தப் பக்கத்துச் சிறுநீரகமும் பாதி வேலைதான் செய்கிறது.

பிறகு என் முறை வந்தது. கல் அடைத்துச் சீழ் பிடித்து, குளிர் ஜுரத்தோடு போய்ச் சேர்ந்தேன். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகில் குழாய் வைத்தார்கள். அழுத்துவது தெரிந்தது, அவ்வளவுதான். நர்ஸம்மா "எட்டு பிரெஞ்ச் குடு" என்று கேட்டதும் அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவனுக்கு முதுகிலும் பிரெஞ்சா! அது பாரீசில் வைத்தியக் கருவி செய்த ஷாரியேர் என்பவர் வகுத்த அளவு. ஒரு பிரெஞ்சு என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எட்டு என்றாலும் மூன்று மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

நம் வயதுக்காரர்கள் ஒன்றைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறோம். சொல்லாமல் படுத்தால் ரத்தம் நிற்காது. அதற்காக நாமே நிறுத்தவும் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். குழாய் வைத்த முதல் ஓரிரு நாள் பையில் சிவப்பாக வருவது சகஜம். கட்டி கட்டியாக வந்தாலோ, மறுபடி சிவப்பு கூடினாலோ சகஜமில்லை. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், நிரம்பி வழிகிறவரை விடாதீர்கள், பாரம் குழாயை இழுக்கும். ஏரி, குளத்தில் இறங்கிக் குளிப்பது கூடாது. பையில் ஒன்றும் இறங்காமல் இடுப்பு வலித்தால், குளிரோடு ஜுரம் வந்தால், குழாய் கழன்று வந்துவிட்டால், ராத்திரியானாலும் கிளம்புங்கள். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகலாம் என்று மடுகரையில் உட்கார்ந்திருந்தால் முதுகில் போட்ட வழி மூடிக்கொள்ளும். மறுபடி குத்த வேண்டியதுதான்.

இதெல்லாம் எனக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, நானாகக் கேட்டு வாங்கினேன். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்று தலையாட்டுகிறார்கள். டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. விழுப்புரம், கடலூர் ஜனமெல்லாம் புதுச்சேரிக்குத்தான் வருகிறது, அவர்கள் எத்தனை பேருக்குப் பாடம் நடத்துவார்கள்? ஆனால் இது டாக்டர் வேலையே இல்லை. குமாஸ்தா வேலை. எங்கள் ஆபீசில் பதில் வராத ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிவேட்டில் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதி வந்தால் நினைவூட்டு போகும். குழாய் வைத்தவர் பெயர், போன் நம்பர், எடுக்க வேண்டிய தேதி என்று ஒரு நோட்டு போதும். இன்ஷூரன்ஸ் தவணைக்கு மெசேஜ் வருகிறது, சிலிண்டருக்கு வருகிறது. உடம்புக்குள் இருக்கிற குழாய்க்கு வரக்கூடாதா? சீட்டிலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு வரி: "உங்கள் உடலில் குழாய் இருக்கிறது. இந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும்."

அது வருகிறவரை, நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதுகுக் குழாயை எடுத்தபோது எனக்கும் உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தேதியை எழுதச் சொல்லி வாங்கி, சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அந்த நாள் விடிவதற்கு முன்னால் போன். மச்சான்தான்.

"மாமா, இன்னிக்குத் தேதி. கிளம்பிட்டீங்களா, வண்டி எடுத்துக்கிட்டு வரட்டுமா?"