வாரத்துல 7 நாளும் வேலை... ஆனா சட்டத்தின் கணக்கில் ஒரு மணி நேரம்கூட இல்லை! ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர்களின் நிலை என்ன? - விளக்கம்

காலை 6 மணி. ஃபேனை நிறுத்தியாச்சு, ஜன்னலையும் சாத்தியாச்சு. பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிக்கும் முன் நாலு நிமிட முன்னுரையைப் பேசி முடிக்க வேண்டும். உங்க ஃபோனில் அரை மணி நேரம் ஓடும் பல தமிழ் பாட்காஸ்ட்கள் ஸ்டூடியோவில் அல்ல, இப்படி வீட்டு அறைகளில்தான் பதிவாகின்றன.

எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல், கட்டுரைக்கு இவ்வளவு, எபிசோடுக்கு இவ்வளவு என்று வேலை பார்ப்பவர்கள் ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர்கள். "நினைச்சப்போ வேலை, நினைச்சப்போ லீவு" என்று வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவர்களின் வாரம் எப்படிப் போகிறது? சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது?

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் ஒருவர் வாரம் ஒரு பாட்காஸ்ட் வெளியிடுகிறார். கூடவே செய்தி நிறுவனங்களுக்குக் கட்டுரையும் எழுதுகிறார்.

திங்கள்: "இந்த ஸ்டோரி செய்யலாமா?" என்று ஆசிரியர்களுக்கு மெயில் போடும் நாள். நாலு மெயில் போனால் ஒன்றுக்குப் பதில் வரலாம், வராமலும் போகலாம்.

செவ்வாய்: களம். எண்ணூர் மீனவர்களின் பேட்டி என்றால், அவர்கள் கரை திரும்பும் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். ரயில், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சொந்தக் காசு.

புதன்: பதிவு செய்ததைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத சுமார் நாலு மணி நேரம் ஆகும். ஏ.ஐ. கருவிகள் வந்துவிட்டாலும், கரையோரப் பேச்சுவழக்கில் அவை தடுமாறுகின்றன. வரிக்கு வரி சரிபார்க்காமல் தப்பிக்க முடியாது.

வியாழன்: கட்டுரை எழுதுவது, தகவலைச் சரிபார்ப்பது, எதிர்த்தரப்பின் பதிலுக்காகக் காத்திருப்பது.

வெள்ளி, சனி: பாட்காஸ்ட் பதிவு, எடிட்டிங், வெளியீடு, சமூக வலைதளத்துக்கு ஒரு நிமிட கிளிப்.

ஞாயிறு: பில் அனுப்புவது. போன மாசம் அனுப்பிய பில் என்ன ஆச்சு என்று கேட்பது.

இந்த ஏழு நாளும் நிறுவனத்தின் கணக்கில் ஒரே வரியாகத்தான் பதிவாகும்: "கட்டுரை - 1". அலைந்த நேரத்துக்கும் காத்திருந்த நேரத்துக்கும் தனியாகக் காசு கிடையாது.

பத்திரிகையாளர்களுக்கு வேலை நேர வரம்பே இல்லையா?

இருக்கு. 1955-ம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர்கள் சட்டம், தொடர்ச்சியான 4 வாரங்களில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அதாவது, வாரத்துக்குச் சராசரியாக 36 மணி நேரம். 7 நாளில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வும் தர வேண்டும்.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக, 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இதிலும் அதே 144 மணி நேரம், அதே 24 மணி நேர ஓய்வு. கூடுதலாக, டிவி, டிஜிட்டல் ஊடகத்தில் வேலை செய்பவர்களும் 'உழைக்கும் பத்திரிகையாளர்' என்ற வரையறைக்குள் வந்துவிட்டார்கள்.

அப்போ ஃப்ரீலான்ஸர்களுக்கும் இது பொருந்துமா?

இங்கேதான் சிக்கல். பழைய சட்டமாக இருந்தாலும் புதிய சட்டமாக இருந்தாலும், பத்திரிகைத் தொழிலை முதன்மையாகக் கொண்டவர் என்பது மட்டும் போதாது. அந்தத் தொழிலில் 'பணியமர்த்தப்பட்டவர்' ஆகவும் இருக்க வேண்டும். முழுநேரமோ பகுதிநேரமோ, ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்தால்தான் பாதுகாப்பு.

கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசி எழுதுபவர் சட்டத்தின் பார்வையில் ஊழியர் அல்ல, சேவை வழங்கும் ஒரு தனிநபர் தொழில். வார விடுமுறை, பி.எஃப்., கிராஜுவிட்டி எதற்கும் அவரால் உரிமை கோர முடியாது. அவர் எழுதும் அதே பக்கத்தில், அதே செய்தியை எழுதும் ஊழியருக்கு இவை எல்லாம் உண்டு.

தொழில் என்றால், தொழிலுக்கான பாதுகாப்பாவது கிடைக்குமா?

கிடைக்கும். பல ஃப்ரீலான்ஸர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன் படி, குறு, சிறு தொழில் செய்பவரிடம் சேவை பெற்றவர், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் தேதியே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

இதற்கு 'உத்யம்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனில் செய்யலாம், கட்டணம் கிடையாது. வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுவது பாதுகாப்பு. பணம் வராவிட்டால், மாநில அளவிலான கவுன்சிலில் புகார் தரலாம்.

இன்னொரு பிடியும் இருக்கு. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராத நிறுவனம், அதை அந்த ஆண்டின் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் காட்ட முடியும். பில்லில் உத்யம் எண்ணைப் போட்டாலே அக்கவுண்ட்ஸ் பிரிவு கொஞ்சம் வேகமாக நகர இது ஒரு காரணம்.

ஆனா, ஒரு 3,000 ரூபாய் பில்லுக்காகப் புகார் கொடுத்தால், அடுத்த ஸ்டோரி அந்த நிறுவனத்தில் கிடைக்குமா? இந்தப் பயம்தான் பலரையும் தடுக்கிறது.

டி.டி.எஸ். பிடித்த காசு திரும்ப வருமா?

ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் தந்தால், 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. மொத்த வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால், கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாவிட்டால் கையை விட்டுப் போன காசுதான்.

எழுதியது யாருக்குச் சொந்தம்?

ஊழியர் எழுதினால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. ஃப்ரீலான்ஸர் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காப்புரிமையின் முதல் உரிமையாளர் அவரேதான். இது 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் சொல்வது.

உரிமையை மாற்றித் தர எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். அதில் எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், எந்தப் பகுதி என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே அர்த்தம்.

பாட்காஸ்டில் கொஞ்சம் கவனம் தேவை. ஒலிப்பதிவுக்கு 'ஆசிரியர்' என்று சட்டம் கருதுவது அதன் தயாரிப்பாளரை. பேசியவரும் எழுதியவரும் அல்ல. நிறுவனத்துக்காக பாட்காஸ்ட் செய்து தருபவர், கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிட வேண்டும்.

சொந்தமா சேனல் ஆரம்பிச்சா?

யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகும் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும்.

வழக்கு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி அவதூறுக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. நிறுவன ஊழியர் என்றால் பொதுவாக நிறுவனமே வக்கீல் வைக்கும். தனியாக வேலை செய்பவருக்கு வக்கீல் ஃபீஸும் சொந்தச் செலவு.

வேறு நாடுகளில்?

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஃப்ரீலான்ஸர்களுக்கென்றே ஒரு சட்டம் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 800 டாலர், அதற்கு மேலான வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிப்பிடாவிட்டால், வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். உரிமை கேட்டதற்காக ஃப்ரீலான்ஸரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் நியூயார்க் மாநிலம் முழுவதும் இதேபோன்ற சட்டம் அமலில் இருக்கிறது.

இந்தியாவின் 45 நாள் விதி காகிதத்தில் பலமானதுதான். ஆனா அது தொழில்களுக்கான பொதுவான விதி. 'பில் கேட்டதால் வேலை போச்சு' என்ற பயத்துக்கு அதில் பதில் இல்லை.

இதில் நமக்கு என்ன?

எண்ணூர் பேட்டிக்கான பில் மூணு மாசம் நிலுவையில் நின்றால், அடுத்த முறை அந்தப் பத்திரிகையாளர் ரயில் ஏற மாட்டார். வீட்டில் உட்கார்ந்தபடியே ஃபோனில் முடிகிற ஸ்டோரியைத்தான் தேர்ந்தெடுப்பார். மீனவர் சொல்ல வந்தது அப்போது யார் காதுக்கும் எட்டாது.