வங்கி சொல்வது 50 லட்சம், வெளியே 60 லட்சம்: ஏலத்துக்கு முன்பே வீட்டு விலையைப் பேச முடியுமா?

ஓர் உதாரணம். நாகர்கோவிலில் 6 சென்ட்டில் ஒரு வீடு. கடன் பாக்கி ரூ.65 லட்சம். தவணை நின்றுபோய் கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது. வங்கியின் மதிப்பீட்டாளர் போட்ட விலை ரூ.50 லட்சம். வீட்டுக்காரர் வைத்த மதிப்பீட்டாளர் சொல்வது ரூ.68 லட்சம். ரூ.60 லட்சத்துக்கு வாங்க ஒருத்தர் ரெடி. வங்கி ஒத்துக்குமா?

அமெரிக்காவில் இதற்கு 'ஷார்ட் சேல்' என்று பெயர். கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்க வங்கியே சம்மதிப்பது. இந்தியாவில் அந்தப் பெயரில் திட்டம் கிடையாது. ஆனால் வங்கியின் அனுமதியோடு தனி விற்பனை, கூடவே ஒரே தவணையில் கணக்கை முடிக்கும் ஓ.டி.எஸ். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதேதான்.

ஏன் இரண்டு விலை?

மதிப்பீட்டு அறிக்கையில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்: சந்தை மதிப்பு, கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசர விற்பனை மதிப்பு. வீட்டுக்காரர் முதல் எண்ணைப் பார்க்கிறார். வங்கியின் கண் கடைசி எண்ணில் இருக்கிறது. வீட்டு வாசல் வரை கார் போகுமா, எந்தப் பத்திரத்தோடு விலையை ஒப்பிட்டார்கள், கட்டடத்துக்கு எவ்வளவு தேய்மானம் கழித்தார்கள் என்பதிலேயே பல லட்சம் மாறிவிடும். அதனால் "உங்க விலை தப்பு" என்று சண்டை போடுவதில் பலன் இல்லை. "எந்தக் கணக்கில் இந்த விலை?" என்று கேட்பதுதான் பேச்சுவார்த்தையின் தொடக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி முதலில் 60 நாள் நோட்டீஸ் வரும். அது வந்த பிறகு வங்கியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வீட்டை விற்க முடியாது. ஆகவே வங்கியின் கடிதம் கைக்கு வரும் முன் யாரிடமும் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை. 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பேச வேண்டிய நேரம் அதற்கு முன்புதான்.

ஓ.டி.எஸ். கடன் வாங்கியவரின் உரிமை அல்ல என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சமயம், சமரசத் தொகையை முடிவு செய்யும்போது அடமானச் சொத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் ஜூன் 2023 வழிகாட்டுதல். இரண்டாவது மதிப்பீட்டு அறிக்கைக்கு வேலை வருவது இங்கேதான்.

வங்கிக்கு என்ன லாபம்?

ஏலத்தில் எடுப்பவர் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியை, அவகாசம் நீட்டிக்கப்படாவிட்டால், 15 நாளில் கட்ட வேண்டும். வீட்டுக் கடன் வாங்கி வருபவருக்கு இது கஷ்டம். போட்டி குறையும், விலையும் குறையும். ரூ.60 லட்சத்துக்கு ஆள் இருக்கும்போது ரூ.50 லட்சத்தில் ஏலம் தொடங்குவது வங்கிக்கும் நஷ்டக் கணக்குதான்.

வீட்டுக்காரருக்கோ நஷ்டம் ஏலத்தோடு முடிவதில்லை. ரூ.50 லட்சத்துக்குப் போனால் மீதி ரூ.15 லட்சத்தையும் கேட்டு வங்கி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். வீடும் போய், கடனும் நிற்கும்.

ஆகவே வங்கிகள் ஒன்று செய்ய வேண்டும்: ஏல விலையைத் தீர்மானிக்கும் முன்பே மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடன்தாரருக்குத் தர வேண்டும். யாருடைய வீட்டுக்கு விலை போடுகிறார்களோ அவரிடமே அந்தக் கணக்கை மறைப்பதில் நியாயம் இல்லை.

ஊரில் அப்பா அம்மா பெயரில் கடன் இருந்து, சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர்கள் செய்ய வேண்டியது: அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். வாங்குபவரின் ஆஃபரை எழுத்தில் கொடுங்கள். 'பாக்கி முழுவதும் தீர்ந்தது' என்ற வரி ஓ.டி.எஸ். கடிதத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.