விலை கேட்கும் நாம் கூலியைக் கேட்டோமா?



புதுவை நேரு வீதியிலோ, குபேர் அங்காடியிலோ, காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையிலோ ஒரு வேட்டியை விரித்துப் பார்க்கும் நம்மவர், கடைக்காரரிடம் கேட்கும் வினா ஒன்றே: "என்ன விலை?" அதற்கு மேலும் வாய் திறந்தால், "இன்னும் எவ்வளவு குறைப்பீர்?" என்பதற்காகவே. இதனை நெய்தவர் யார், எவ்வூரார், அவர் கைக்குச் சேர்ந்த கூலி எவ்வளவு என்று கேட்பார் உளரா? கேளாமையே நம் வழக்கமாயிற்று. அக்கேளாமையை அடித்தளமாகக் கொண்டன்றோ இடைத்தரகரின் மாடிகள் எழுந்து நிற்கின்றன!

மேலை நாடுகளில் இவ்வினாவை எழுப்புவோர் ஓர் இயக்கமாகவே கூடியுள்ளனர். ஆலந்து நாட்டில் 1988-இல், குளம்பி பயிரிடும் சிறு உழவர்க்கு உரிய விலை கொடுத்து வாங்கிய சரக்கிற்குத் தனிக் குறியிடும் முறை தோன்றிற்று. சாவகத் தீவின் உழவரை ஆலந்து ஆட்சியர் பிழிந்தெடுத்த கொடுமையை எடுத்துரைத்த 'மேக்சு ஏவ்லார்' என்னும் 1860ஆம் ஆண்டுப் புதினத்தின் பெயரையே அக்குறிக்கு இட்டனர். 2000-இல் இங்கிலாந்தின் கார்சுடாங்கு என்னும் சிற்றூரின் மக்கள், கடைகளிலும் பள்ளிகளிலும் வழிபாட்டு மன்றங்களிலும் அத்தகு சரக்கையே வழங்குவதென முனைந்து, உலகின் முதல் நேர்மை வாணிக ஊராகத் தம் ஊரை அறிவித்தனர். நன்றே செய்தனர், பாராட்டுவோம்.

ஆயின், அவ்வறத்தை நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்க வந்த வள்ளுவர், இறுதிக் குறளை வாணிகர்க்கே ஒதுக்கினார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வாணிகம் என்றார். கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் அஞ்சிய புகார் வணிகரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. நம் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது வெளிப்பட்ட உரோமப் பானையோடுகள், கடல்கடந்த வாணிகத்தில் நாம் எத்துணைப் பழையோர் என்பதற்குச் சான்று. அண்மைக் காலத்திலும், 1935-இல் காந்தியடிகள், நூற்கும் பெண்டிர்க்கு வாழ்தற்குரிய குறைந்த அளவுக் கூலியேனும் கிடைத்தாக வேண்டும், அதனால் கதரின் விலை ஏறினும் ஏறுக என்றார். அதற்கு முன்பே 1930-இல் கதர் இராட்டினப் பாட்டு வெளியிட்டவர் நம் புதுவையின் பாவேந்தர்.

அறம் உரைத்த இம்மண்ணிலேயே மறமும் விளைந்தது. முத்தியாலுப்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தறியோட்டிய நம் முன்னோரின் நீலச் சாயத் துணியைப் பிரஞ்சியர் கப்பலேற்றி மேற்கு ஆப்பிரிக்காவிற்குக் கொண்டு சென்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அத்துணியைக் கொடுத்து மாந்தரை விலைக்கு வாங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனிகால் ஆற்றங்கரையில் அதுவே காசுபோல் புழங்கிக் கோந்துக்கு மாற்றாயிற்று. நெய்த தமிழன் இதனை அறிந்தானா? தன் கைத்துணி எவர் கழுத்திற்குக் கயிறாயிற்று என்பதை அவனுக்கு எவரும் உரைத்திலர். நெய்தவனும் உடுத்தவனும் ஒருவரையொருவர் அறியாதிருத்தலே கொள்ளை வாணிகத்தின் முதல்!

அவ்வறியாமையை உடைத்தெழுந்த நாளும் நம் வரலாற்றில் உண்டு. 30.7.1936 அன்று, உரிமை கேட்டு நின்ற சவானா ஆலைத் தொழிலாளர்மேல் பிரஞ்சுக் காவற்படை சுட்டது, பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, 1937-இல் எட்டு மணிநேர வேலை சட்டமாயிற்று. அவ்வீகியர்க்கு ஆண்டுதோறும் மாலையிடுகின்றோம். ஆனால் எட்டு மணிநேரமும் உரிய கூலியும் இன்றி நெய்யப்பட்ட துணியை உடுத்துக்கொண்டே அம்மாலையை இடுவோமாயின், அஃது எத்தகைய வணக்கம்? 1898-இல் தோன்றிய ஏ.எஃப்.டி. ஆலை, முதியோர் வாயில் உரோடியர் ஆலை, 2020-இல் மூடப்பட்டது. வேலை போயிற்று, அங்காடியில் மலிவுத் துணி மட்டும் குறையவில்லை. அது வேறெங்கோ, வேறெவருடைய இடுப்பு ஒடிய வருகின்றது. 2013-இல் வங்காள தேசத்துச் சாவாரில் இரானா பிளாசா என்னும் ஆயத்த ஆடைக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபோதுதான், அம்மலிவின் விலையை உலகம் எண்ணிப் பார்த்தது.

வங்காளம் வரை போவானேன்? கொங்கு நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் ஏழைச் சிறுமியரை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, இறுதியில் ஒரு தொகை தருவதாகச் சொன்ன திட்டத்திற்கு என்ன பெயர் சூட்டினர்? 'சுமங்கலி'! மங்கலத்தைப் பெயரில் வைத்து அடிமைத்தனத்தைப் பொருளில் வைத்தனர். 'மூன்றாண்டு அடைப்பு வேலை' என்று பச்சைத் தமிழில் எழுதியிருப்பின் எந்தத் தாய் தன் மகளை அனுப்பியிருப்பாள்? அயற்சொல் வெறும் அழகுக் குறையன்று. அது கொடுமையை மூடும் போர்வையாகவும் பயன்படுகின்றது.

இங்கேதான் தமிழியக்கமும் நேர்மை வாணிக இயக்கமும் கைகோத்தாக வேண்டும். 2011ஆம் ஆண்டுப் பொதிபொருள் விதிகளின்படி, பொதியின் மேல் எழுத வேண்டிய செய்திகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிறமொழி வேண்டுமாயின் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமாம்! தமிழ்நிலத்தில் தமிழ் 'பிறமொழி'! ஆயினும், சேர்த்தெழுதுவதைத் தில்லி தடுக்கவில்லையே. நம் ஆலையாரும் வணிகரும் கூட்டுறவுக் கடையாரும் அதனைக் கட்டாயமாகக் கொள்ளாதது ஏன்? வாங்குவோள் படிக்கவொண்ணாத சீட்டில் எழுதிய நேர்மை எவர்க்கு? கடற்கரைத் தெருக்களின் குளிரூட்டிய கடைகளில், வெளிநாட்டார் கண்டு மகிழ ஆங்கிலத்தில் ஒட்டிய அறச்சீட்டு, முத்தியாலுப்பேட்டைத் தாய்க்கு எதனை உரைக்கும்?

"ஏழைக்கு மலிவன்றோ வேண்டும்? அறம் பேசி விலையை ஏற்றலாமா?" என்பர் சிலர். ஏழையின் பெயரால் பேசுவோர் ஒன்றை எண்ணுக. இன்று நெய்வோனாக நிற்கும் ஏழையே நாளை வாங்குவோனாகவும் நிற்கின்றான். அவன் கூலியை அறுத்துத் தரும் மலிவு, அவன் கஞ்சியை அறுத்துத் தரும் மலிவே. நாம் கேட்பது ஏழை கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதன்று. இடையில் நிற்போன் எவ்வளவு எடுத்தான் என்பது வெளிப்பட வேண்டும் என்பதே. முதற்கடமை, கூறைப் புடவைக்குப் பல்லாயிரம் செலவிடும் வளமுடையார்க்கே உரியது.

தொடங்குவது எளிது. புடவை, வேட்டி, துண்டு முதலியவற்றுள் குறித்த சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் 1985 முதல் உண்டு. கைத்தறிக் குறி 2006 முதல் உண்டு. அக்குறியைத் தேடி வாங்குங்கள். விசைத்தறித் துணியைக் கைத்தறியென்று விற்பாரைத் தட்டிக் கேளுங்கள். கூட்டுறவுக் கடைகளில் நெய்தவர் ஊரும் கூலியும் தமிழில் எழுதித் தொங்கவிடுமாறு வற்புறுத்துங்கள். தமிழ் மன்றத்தீர்! நம் மேடைகளில் ஒருவர்க்கொருவர் போர்த்திக்கொள்ளும் 'பொன்னாடை' எங்கிருந்து வருகின்றது? மின்னும் செயற்கையிழை அது; தமிழ் நெசவாளன் கை அதனைத் தொட்டதில்லை. தமிழைப் போற்றக் கூடிய அவையில் தமிழன் தறியைத் தள்ளிவைத்தல் தகுமா? இனி ஒரு கைத்தறித் துண்டு போதும் என்று உங்கள் மன்றத்தில் தீர்மானம் இயற்றுங்கள்.

வரும் பொங்கலுக்குத் துணியெடுக்கச் செல்லுங்கால், விலை கேட்பதற்கு முன், "நெய்தவர் யார்? கூலி என்ன?" என்று தமிழில் உரக்கக் கேளுங்கள். விடை சொல்லவியலாத கடையை விட்டு அடுத்த கடைக்கு நடங்கள். நூறு பேர் அவ்வாறு நடந்தால், நூற்றோராவது ஆளுக்குக் கடைக்காரர் விடையோடு காத்திருப்பார்!