வாலையும் வழக்கமும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் கிடக்கும் ஐலா தீவில், 1908-ஆம் ஆண்டு, பீட்டர் மெக்கி என்னும் விஸ்கி வியாபாரி ஒரு விசித்திரமான பழிவாங்கலில் இறங்கினார். அவருடைய லாகவூலின் வடிசாலைக்கு அண்டையிலிருந்த லாஃப்ராயிக்கின் சரக்கை விற்றுத்தரும் ஏஜென்சி உரிமை நெடுங்காலம் அவர் கம்பெனியின் கையில் இருந்து, முந்திய ஆண்டில் பறிபோயிருந்தது. ஆத்திரம் தாளாமல், லாஃப்ராயிக்குக்குப் போகும் நீரோட்டத்தை முதலில் கல்லைப் போட்டு அடைக்கச் செய்தார். நியாயஸ்தலம் அதைத் திறந்துவிடச் சொல்லிற்று. அதன்பின், அந்த விஸ்கியைத் தாமே வடித்துவிடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டு, லாகவூலினின் மதிலுக்குள்ளேயே மால்ட் மில் என்ற பெயரில் இன்னொரு வடிசாலையை எழுப்பி, அடுத்த வீட்டு வாலைகளின், அதாவது சாராயம் வடிக்கும் கலங்களின், வடிவத்திலேயே செப்பு வாலைகளைச் செய்வித்து, அங்கே பக்குவம் பார்த்துக்கொண்டிருந்த தலைமை ஆளையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மியையும் கொண்டுவந்து, அரைத்தவளையும் அழைத்துவந்து வைத்த பிறகும் குழம்பு வேறாகவே கொதித்தது. மால்ட் மில்லின் விஸ்கி நல்ல விஸ்கிதான்; ஆனால் அது லாஃப்ராயிக் அல்ல. 1960-களின் தொடக்கத்தில் அந்த வடிசாலை மூடப்பட்டு, இப்போது அந்தக் கட்டடத்தில் லாகவூலின் தன் விருந்தினரை வரவேற்று உபசரிக்கிறது.

மதுவினால் பாழான குடும்பங்களை நேரில் கண்டறியாத தமிழர் அநேகமாக இல்லை என்பதை நன்கு அறிந்தே இதை எழுதுகிறேன். குடிக்கும்படி யாருக்கும் சிபாரிசு செய்வது என் நோக்கமன்று. ஸ்காட்லாந்தில் இன்று இயங்கும் 140-க்கும் மேற்பட்ட வடிசாலைகளை ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 லட்சம் தடவை பிரயாணிகள் போய்ப் பார்க்கிறார்கள். அவர்களில் நம்மவர்களும் கணிசமாக உண்டு. அப்படிப் போகிறவர்களுக்கு அங்கே சொல்லப்படுவதில் எது சாரம், எது ஜோடனை என்பதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

ஏறக்குறைய எல்லா இடங்களிலும் வழிகாட்டியின் முதல் பேச்சு தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். மலைச்சுனை, ஆயிரமாண்டுப் பாறை, பனியுருகிய ஓடை என்று வர்ணனை பெருகும். தண்ணீர் இல்லாமல் வடிசாலை இல்லை என்பது மெய். பழைய நாளில் வடிசாலைக்கு இடம் தேர்ந்தெடுத்ததே நீர்வசதி பார்த்துத்தான். ஆயினும், இரண்டு முறை வாலையில் ஏறி, ஆவியாகி, மறுபடி திரவமாகி இறங்கும் ஒரு வஸ்துவில், முதலில் சேர்ந்த நீரின் ருசி எவ்வளவு மிஞ்சும் என்று சற்று யோசித்தால் போதும். பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடும் குணத்துக்கு நீரின் பங்கு அற்பமே. கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றியன்று, தாமிரத்தைப் பற்றியும் மரத்தைப் பற்றியும், அவற்றின் அருகில் நின்று வேலை செய்யும் மனிதருடைய வழக்கத்தைப் பற்றியும்.

பார்லியிலிருந்தே தொடங்குவோம். ஊறவைத்து முளைகட்டிய பார்லியைக் காயவைக்கும்போது அடியில் பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்தால், அந்தப் புகையின் கூறுகள் தானியத்தில் படிந்து விஸ்கி வரையில் வந்து சேரும். இடத்தின் மணம் என்று மெய்யாகவே சொல்லத்தக்கது ஸ்காட்ச் விஸ்கியில் இந்த ஒன்றுதான். மரங்கள் அரிதான ஆர்க்னி தீவில் வெட்டும் கரிமண் பெரும்பாலும் ஹெதர் என்னும் புதர்ச்செடி மட்கியது. அதனால் அங்குள்ள ஹைலண்ட் பார்க் வடிசாலையின் புகையில் ஒருவகை மலர்மணம் கலந்திருக்கும். ஐலாவின் புகையோ ஆஸ்பத்திரியையும் அயோடினையும் நினைவூட்டும். அதற்கென்றே உயிரை விடும் ரசிகர்களும் உண்டு, முகர்ந்த மாத்திரத்தில் கோப்பையைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

ஆனால் புகை மட்டும் கணக்கைத் தீர்த்துவிடுவதில்லை. லாகவூலினும், அதே தீவின் வடகிழக்குக் கரையிலுள்ள கல் ஈலாவும் ஒரே கம்பெனிக்குச் சொந்தமானவை. இரண்டுக்கும் போர்ட் எலன் என்ற ஊரிலுள்ள ஒரே ஆலையிலிருந்து, ஏறத்தாழ ஒரே அளவு புகையூட்டிய மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, வருகிறது. வந்தும், லாகவூலின் கனத்துத் திரண்டு நாவில் நெடுநேரம் தங்குவதாகவும், கல் ஈலா மெலிந்து பளிச்சென்று எண்ணெய்ப்பசையோடு நழுவுவதாகவும் இருக்கின்றன. வாலையின் அளவும், கழுத்தின் உயரமும், அதிலிருந்து பிரியும் குழாய் மேல்நோக்கிச் செல்கிறதா கீழ்நோக்கிச் சரிகிறதா என்பதும், ஒரு தடவைக்கு எவ்வளவு நிரப்பி எவ்வளவு வேகத்தில் காய்ச்சுகிறார்கள் என்பதும் சேர்ந்து செய்த வித்தை அது. கழுத்து நீண்டிருந்தால் கனமான ஆவி பாதிவழியிலேயே குளிர்ந்து திரும்ப விழுந்து, இலேசானது மட்டுமே அப்பால் போகும். கிளென்மோரஞ்சியின் வாலைக் கழுத்துகள் 5 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. அங்கே ஒட்டகச்சிவிங்கியையே சின்னமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மெக்காலனின் வாலைகளோ குட்டையும் குண்டுமானவை. அவற்றின் வடி கனமானது.

வாலைக்கூடத்தில் பிரயாணி சற்று நிதானித்து நிற்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பித்தளைச் சட்டமும் கண்ணாடிச் சுவரும் கொண்டு, பூட்டுத் தொங்கும் ஒரு பெட்டி. ஸ்பிரிட் சேஃப் என்பது அதன் பெயர். வடிந்து வரும் சாராயத்தை யாரும் திருட்டுத்தனமாக மொண்டுவிடக் கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டில் கலால் இலாகா ஏற்படுத்திய காவல் அது. சாவி வெகுகாலம் வரையில் கலால் அதிகாரியின் இடுப்பில் இருந்தது. வாலைக்காரர் அதைத் தொடாமல், வெளியிலிருக்கும் பிடிகளைத் திருப்பியே உள்ளே ஓடும் தாரையை இந்தப் பாத்திரத்துக்கோ அந்தப் பாத்திரத்துக்கோ மாற்றுவார். முதலில் வருவது மூக்கைத் துளைக்கும் தலைவடி, அது வேண்டாம். கடைசியில் வருவது கனத்து நாறும் கடைவடி, அதுவும் வேண்டாம். இரண்டையும் அடுத்த வாலைக்கே திருப்பிவிட்டு, நடுவடியை மட்டும் எடுத்துப் பீப்பாய்க்கு அனுப்ப வேண்டும். நடுவடி எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது என்று நிர்ணயிப்பதில்தான் வடிசாலையின் சூட்சுமம் பாதி அடங்கியிருக்கிறது. பழவாசனை முன்னதாக வந்துவிடும். புகைவாசனை தாமதித்து வரும். லாஃப்ராயிக்கில் முதல் முக்கால் மணிநேர வடியை ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் பழத்தின் இனிப்பில் பெரும்பகுதி போய்விட, புகை தனியரசு செலுத்துகிறது. அண்டையிலிருக்கும் ஆர்ட்பெக்கின் புகைக்குள் எலுமிச்சை போன்ற ஒரு கனிவாசம் பதுங்கியிருப்பதற்கும் வாலையைச் சார்ந்த இத்தகைய ஏற்பாடுகளே காரணம். லாஃப்ராயிக், லாகவூலின், ஆர்ட்பெக் ஆகிய மூன்று வடிசாலைகளையும் இணைத்துக் கடற்கரையோரமாக ஒரு நடைபாதை உண்டு. அரைநாளில் நடந்து முடித்துவிடலாம். ஸ்காட்லாந்துக்குப் போகிறவருக்கு ஒரே இடம் சொல்லச் சொன்னால் நான் அந்தப் பாதையைச் சொல்வேன். நடக்க வேண்டுமென்பதற்கு வேறொரு நியாயமும் உண்டு: 2014 முதல் ஸ்காட்லாந்தில் வண்டியோட்டுகிறவரின் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் மதுவின் அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது; ஓட்டுநருக்கு உரிய பங்கைச் சிறு சீசாவில் ஊற்றிக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் வடிசாலைகளில் பரவியிருக்கிறது.

இத்தனை காரணங்களும் கூடி விளைவதாகையால், எதை மாற்றினால் எது கெடும் என்ற பயம் அத்தொழிலில் இரத்தத்தோடு கலந்தது. பழைய வாலை தேய்ந்து புதியது செய்யும்போது, பழையதிலிருந்த நசுங்கலையும் அதே இடத்தில் தட்டிவைக்கச் சொல்வார்கள் என்று ஒரு கதை. லிங்க்வுட் வடிசாலையில் மானேஜராக இருந்த ராடரிக் மெக்கென்சி சிலந்திவலையைக்கூடக் கலைக்க விடமாட்டார் என்பது இன்னொன்று. இவற்றைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் டால்வின்னி வடிசாலையில் நடந்ததைக் கேட்டபின் சிரிப்பு அடங்கிவிடும். அங்கே ஆவியைக் குளிர்விக்க, நீர் நிறைந்த பெரிய மரத்தொட்டிகளில் சுருண்டு கிடக்கும் பழங்காலச் செப்புக்குழாய்கள் இருந்தன. 1980-களில் அவற்றை அகற்றிவிட்டு நவீனக் குளிர்விப்பான்களைப் பொருத்தினார்கள். ஆவி தாமிரத்தோடு உறவாடும் நேரம் மாறியதனால், வடியின் குணமே மாறிப்போயிற்று. மறுபடியும் 1990-களில் பழைய மாதிரித் தொட்டிகளையே செய்து வைக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு பணச்செலவில் கற்ற பாடத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை, சுனைநீரைத்தான் சொல்கிறது.

பீப்பாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டப்படி, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டு கிடந்தாலொழிய அதற்கு ஸ்காட்ச் என்ற பெயர் இல்லை. அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்த பீப்பாய் வனிலாவையும் தேங்காயையும், ஸ்பெயின் தேசத்து ஷெரி மது இருந்த பீப்பாய் உலர்ந்த திராட்சையையும் கிராம்பையும் கொடுக்கும். இன்றைய ஷெரிப் பீப்பாய்களில் மிகப் பெரும்பாலானவை, விஸ்கிக்காரரின் கட்டளைப்படியே செய்து, ஓரிரண்டு ஆண்டு ஷெரியை ஊற்றிவைத்துப் பக்குவம் பண்ணப்பட்டவை என்பதை அறிந்தால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

1887-இல் ஆல்ஃபிரட் பார்னார்டு என்னும் பத்திரிகையாளர், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருந்த 162 வடிசாலைகளைச் சுற்றிப்பார்த்துப் புஸ்தகம் எழுதினபோது, தொட்டிகளின் கொள்ளளவையும் வாலைகளின் அளவையும் சலிக்காமல் குறித்துவைத்தார். படிக்க அலுப்பூட்டும் அந்தக் கணக்குகளே இன்று அந்நூலின் பெருமதிப்பு. 1969-இல் கிளென்ஃபிடிக் வடிசாலை பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது நல்ல காரியம். அதன்பின் வந்தவர்களில் பலர் வடிசாலையைவிடக் கடையைப் பெரிதாகக் கட்டியதுதான் கோளாறு. 2018-இல் மெக்காலன் 14 கோடி பவுன் செலவில், புல் முளைத்த அலைக்கூரையின் கீழே ஒரு மாளிகை எழுப்பியது; கட்டடக்கலையில் அது உயர்ந்த சிருஷ்டி என்பதில் தகராறில்லை. எனினும் எனக்குக் கேம்பல்டவுனின் ஸ்பிரிங்பேங்க்தான் உயர்வாகப் படுகிறது. ஒருகாலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வடிசாலைகள் இருந்து, இப்போது மூன்றே எஞ்சிய அந்தத் துறைமுகத்தில், பார்லி முழுவதையும் தரையில் பரப்பி ஆட்கள் மண்வாரியால் புரட்டி முளைகட்டுவதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரையில் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஒரே வாலைகளில் இரண்டு தரம், இரண்டரைத் தரம், மூன்று தரம் என்று வடித்து, லாங்ரோ, ஸ்பிரிங்பேங்க், ஹேசல்பர்ன் என மூன்று வேறு விஸ்கிகளை எடுக்கிறார்கள். வழக்கமே குணம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை.

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி, ஸ்காட்ச் மீதான 150 சதவீதச் சுங்கவரி முதலில் 75-ஆகவும், பத்தாண்டுக் காலத்தில் 40-ஆகவும் இறங்கவேண்டும். ஆகவே கடற்காற்றையும் மலைச்சுனையையும் பாடும் லேபிள்கள் நம் கடைகளில் இன்னும் மிகுதியாக வரும். கல் ஈலாவின் வடியில் பெரும்பகுதி டாங்கர் லாரியில் தீவைவிட்டுப் போய் மெயின்லாந்தில்தான் முதிர்கிறது என்பதை எந்த லேபிளும் சொல்லாது. நிறத்துக்காகக் காரமெல் சேர்த்திருந்தால் ஜெர்மனியில் அதை லேபிளில் அச்சிட்டாக வேண்டும். பிரிட்டனில் அந்தக் கட்டாயம் இல்லை. இதைவிட வேடிக்கை, கம்பாஸ் பாக்ஸ் என்ற நிறுவனம் தன் கலவையில் எந்தெந்த வயது விஸ்கி எவ்வளவு சேர்ந்தது என்று முழுக்கணக்கும் வெளியிட்டபோது, மிக இளையதன் வயதைத் தவிர வேறெதையும் சொல்லக் கூடாது என்று சட்டத்தைக் காட்டி அதை வாய்மூட வைத்தார்கள். வாலைக்கூடத்தின் கதவைத் திறந்து, காசு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் காட்டுகிறவர்கள், பீப்பாய் எது, முதிர்ந்த இடம் எது, நிறம் மரத்தினுடையதா காரமெலினுடையதா என்ற மூன்று விவரங்களையாவது பாட்டிலின்மேல் அச்சிடும்படி விதியைத் திருத்தவேண்டும். ஸ்காட்லாந்து செய்யாவிட்டால், அளவில் அதன் பெரிய வாடிக்கையாளர்களுள் ஒன்றான இந்தியா இறக்குமதி நிபந்தனையாகவே அதைக் கேட்கலாம்.